பிள்ளைக்கு நோய், தாய்க்குப் பத்தியம்

கொப்பரையில் பாகு முறுகத் தொடங்கிவிட்டால் ஆலைக்கொட்டகைக்கு வந்து சேராத உயிர் கிடையாது. ஈ வரும், குளவி வரும், சாரை சாரையாக எறும்பு வரும். மரத்தொட்டியின் விளிம்பில் வழிந்து இறுகியதை நாய் நக்கிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வாழையிலைக் கிழிசலோடு பாகுக்கு நிற்பார்கள். மடத்துக்குளத்திலிருந்து குமரலிங்கம், கொழுமம் பக்கம் போனால், அமராவதியின் ராஜவாய்க்கால் பாயும் கரும்புக்காடுகளுக்கு நடுவே இந்தக் கொட்டகைகளை இன்றும் பார்க்கலாம். அங்கே பூனைகளும் எப்போதும் இருக்கும். ஆனால் எந்தப் பூனையும் பாகுப் பக்கம் திரும்பி நான் பார்த்ததில்லை. காயப்போட்ட சக்கைமேட்டின்மேல் படுத்து எலிக்காகக் காத்திருக்கும்.

அப்படியொரு சக்கைமேட்டிலிருந்துதான் செவலையைக் குட்டியாக எடுத்துவந்தோம். செவலை மாட்டின் நிறம், அதனால் அந்தப் பெயர். ஒன்பதாவது வயதில் அதற்குச் சர்க்கரை நோய் வந்தது.

பூனை ஏன் பாகைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதற்கு 2005இல் விடை கிடைத்தது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் சுவையையும் மணத்தையும் ஆராயும் மோனெல் ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே ஷியா லி, ஜோசப் பிராண்ட் ஆகியோரின் குழு பூனையின் மரபணுவைப் பார்த்தது. இனிப்பை உணரும் ஏற்பி நாக்கில் உருவாக இரண்டு மரபணுக்கள் வேண்டும். பூனைக் குலத்தில் அவற்றில் ஒன்று பழுதாகிக் கிடக்கிறது. 247 எழுத்துகள் அதில் விடுபட்டுப் போயிருக்கின்றன. வீட்டுப் பூனைக்கு மட்டுமல்ல, அவர்கள் பார்த்த புலிக்கும் சிவிங்கிப்புலிக்கும் அதே கதைதான். ஊன் மட்டுமே தின்று வாழும் குலத்துக்கு இனிப்பை அறியும் தேவை இருக்கவில்லை. தேவையற்றுப்போன மரபணு பழுதானபோது அதனால் நட்டமும் இல்லை.

அப்படியானால் பூனை பாலைக் குடிக்கிறதே என்பார்கள். கம்பர்கூடத் தன் அவையடக்கத்தில் பாற்கடலை நக்கப் புகுந்த பூனையாகத்தான் தன்னைச் சொல்லிக்கொண்டார். பூனை பாலில் தேடுவது இனிப்பை அல்ல, கொழுப்பை. சர்க்கரை போட்ட பாலும் போடாத பாலும் அதன் நாக்குக்கு ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் சர்க்கரை போட்ட பால்தான் அதற்கு வைக்கப்பட்டது. வைத்தது அம்மா.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் பன்னிரண்டு வருடங்களாக இருக்கிறது. எங்கள் பக்கத்தில் சர்க்கரை என்ற சொல்லுக்குக் கனம் அதிகம். கிருஷ்ணாபுரத்து அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலை, வெட்டு உத்தரவு, கரும்புப் பணம், கடன் எல்லாமே அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் பல குடும்பங்களுக்கு நடந்திருக்கிறது. நோய்க்கும் அதே பெயர். நோய் வந்தபின் அம்மா ஒவ்வொன்றாக விட்டாள். முதலில் காபிக்குச் சர்க்கரை. பிறகு சாயங்காலம் பாலில் தோய்த்துத் தின்னும் ரஸ்க். கடைசியாகப் பால்சோறு. எதையும் அவள் வீணாக்கியதில்லை. தான் விட்டதையெல்லாம் செவலையின் தட்டில் வைத்தாள். ரஸ்கைத் தன் விரலாலேயே பிசைந்து கொடுப்பாள். அது தின்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு மறுக்கப்பட்ட ருசி அந்தத் தட்டில்தான் தொடர்ந்து உயிரோடிருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

என் பங்கும் உண்டு. உலர்தீவனப் பையை வாங்கிவந்து, காலையில் ஒரு கிண்ணம் கொட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். கடுவன் பூனை, சண்டைக்குப் போகிறதென்று கருத்தடையும் செய்திருந்தோம். அதன்பின் எலி பிடிக்கும் வேலையையும் விட்டுவிட்டது. எடை ஆறே முக்கால் கிலோ. தெருவில் எல்லோரும் அதைத் தூக்கிப் பார்த்துச் சிரிப்பார்கள். எங்களுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

முதலில் தண்ணீர்க் கிண்ணம் காலியானது. பிறகு துவைகல் தொட்டியில் வாய் வைத்தது. நன்றாகத் தின்றது, ஆனாலும் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. பின்னங்கால்களில் குதிகால் தரையில் படும்படி முயல் மாதிரி நடந்தது. ஒரு நாள் காலை அம்மா என்னைத் தென்னைமரத்தடிக்குக் கூப்பிட்டாள். "இங்க வந்து பாரு கண்ணு. அது மோண்ட எடத்துல எறும்பு மொய்க்குது."

நீரிழிவை எறும்பு காட்டிக்கொடுக்கும் என்பது இந்த நாட்டு வைத்தியத்தில் மிகப் பழைய அறிவு. ஆனால் எறும்பு தாமதமாக வரும் சாட்சி. மனிதருக்கு ரத்தச் சர்க்கரை 180ஐத் தாண்டும்போதே சிறுநீரில் கசியத் தொடங்கும். பூனையின் சிறுநீரகம் அதைவிட நெடுநேரம் தாங்கும். சுமார் 250ஐத் தாண்டிய பிறகுதான் விடும். எறும்பு வந்த அன்றைக்கு நோய் வீட்டுக்குள் வந்து பல மாதம் ஆகியிருக்கும்.

உடுமலையில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். ரத்தத்தில் 418. பயந்த பூனைக்குச் சும்மாவே சர்க்கரை ஏறும் என்பதால், அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து அவர் முடிவு சொல்லவில்லை. சிறுநீரையும், முந்தைய சில வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃபிரக்டோசமைனையும் பார்த்த பின்பே சொன்னார். சொல்லும்போது பூனைக்கு இனிப்பு தெரியாது என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். "இதுக்கு இனிப்பே தெரியாதுங்கறீங்களே, அப்பறம் எப்படிங்க சார் இதுக்குச் சக்கரை வந்துச்சு?"

அந்தக் கேள்வி எனக்குள் இன்னும் நிற்கிறது. பன்னிரண்டு வருடங்களாக அவள் கேட்டுவந்தது ஒரே வசனம்தான்: நாக்கைக் கட்டு. சொந்தக்காரர்கள் சொன்னார்கள், நான் சொன்னேன், கல்யாண வீட்டுப் பந்தியில் முன்பின் தெரியாதவர்கள் சொன்னார்கள். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் கணக்குச் சொன்னது. அத்தனை பேரையும் நாம் நாக்கைக் கட்டாத குற்றவாளிகளாகத்தான் நடத்துகிறோம். இங்கே நாக்குக் குற்றமே செய்ய முடியாத ஒரு பிராணி, அதே நோயோடு மேசைமேல் படுத்திருந்தது.

பூனைக்கு எப்படி வருகிறது? பெரும்பாலும் நம் இரண்டாம் வகையைப் போலத்தான். உடல் பருத்து, இன்சுலினுக்குச் செல்கள் செவி சாய்க்காமல் போகின்றன. கணையம் கூடுதலாகச் சுரந்து சுரந்து ஓய்கிறது. இன்சுலின் சுரக்கும் திட்டுகளில் ஒருவகைப் புரதம் படிந்து அவற்றை அடைக்கிறது. இதெல்லாம் மனிதரிலும் நடப்பதுதான். பூனைக்கே உரியது அதன் கல்லீரல். உணவில் வந்திறங்கும் மாவுச்சத்தைச் சட்டென்று பிடித்துச் சேமிக்கும் நொதி அங்கே மிகக் குறைவு. எச்சிலில் மாவைக் கரைக்கும் நொதி இல்லவே இல்லை. தனக்கு வேண்டிய சர்க்கரையைப் புரதத்திலிருந்து இடைவிடாமல் தானே செய்துகொள்ளும் உடம்பு அது. வயலில் வேட்டையாடித் திரியும் பூனையின் தீனியைக் கணக்கிட்டவர்கள், நூறு கலோரியில் 52 புரதத்திலிருந்தும் 46 கொழுப்பிலிருந்தும் 2 மட்டுமே மாவுச்சத்திலிருந்தும் வருவதாகக் கண்டார்கள். ஓர் எலியின் உடம்பில் இருக்கும் மாவுச்சத்து அவ்வளவுதான். அந்த உடம்புக்கு முன்னால் நாங்கள் பால்சோற்றை வைத்தோம்.

உலர்தீவனத்திலும் பெரிய வேறுபாடில்லை. மொறுமொறுவென்று உருண்டை உருண்டையாக நிற்க வேண்டுமானால் மாவு சேர்த்தே ஆக வேண்டும். பையின் பின்புறம் மாவுச்சத்து எவ்வளவு என்று பெரும்பாலும் போட்டிருக்காது. நாமே கணக்குப் போடலாம். புரதம் 30, கொழுப்பு 10, ஈரம் 10, நார் 3, சாம்பல் 8 என்று இருந்தால் கூட்டுத்தொகை 61. நூறில் மீதி 39 மாவுச்சத்து. கலோரியில் பார்த்தால் நாற்பது சதவீதத்துக்கும் மேல். சர்க்கரை நோய் வந்த பூனைக்கு அது பன்னிரண்டு சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்கிறார்கள். அந்தப் பையை நான்தான் ஆறு வருடம் தோளில் சுமந்து வந்திருக்கிறேன்.

என் அம்மாயி காலத்தில் கைக்குழந்தைக்கு மாந்தம் வந்தால் மருந்தைப் பிள்ளைக்குக் கொடுத்ததோடு விட மாட்டார்கள். பால் கொடுக்கும் தாய்க்கும் பத்தியம் சொல்வார்கள். அவள் புளியை விட வேண்டும், எண்ணெயை விட வேண்டும், பூண்டும் மிளகுமாகச் சாப்பிட வேண்டும். நோய் பிள்ளைக்கு, பத்தியம் தாய்க்கு. டயட் என்ற சொல் தின்பவரோடு நின்றுவிடுகிறது. பத்தியம் என்ற சொல்லுக்கு, ஒருவருக்காக இன்னொருவர் இருக்கலாம் என்ற இடம் உண்டு. பூனையின் சர்க்கரை நோய்க்கு இந்தப் பழைய சொல்தான் பொருந்துகிறது. செவலையிடம் வாயைக் கட்டு என்று சொல்ல முடியாது. தட்டில் வைப்பதைத்தான் அது தின்னும். கட்ட வேண்டியது எங்கள் கையை.

கையைக் கட்டுவது நாக்கைக் கட்டுவதைவிடக் கடினமாக இருந்தது. சாயங்காலம் நாலரை மணிக்குச் செவலை வழக்கம்போல அம்மாவின் சேலையை முட்டும். அவள் எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவாள். இரண்டு நாள் அழுதாள். பக்கத்து வீட்டு அக்கா மதிலோரம் வைக்கும் தயிர்சோறு இருந்தது. எதிர்வீட்டுப் பிள்ளை போடும் பிஸ்கட் இருந்தது. பூனை ஒரு வீட்டுப் பிராணி என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்; அதற்கோ தெருவே வீடு. ஆகவே அம்மா வீடு வீடாகப் போனாள். "எங்க செவலைக்குச் சக்கரைங்க. சோறு வச்சுராதீங்க." சிலர் சிரித்தார்கள். வீடு தேடி வந்து அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து அதன் பின்னங்காலைப் பார்த்துவிட்டு, "கால் மரத்துப்போற மாதிரி இருக்குமாட்ட" என்றார். மனிதருக்கு வரும் அதே நரம்புக் கோளாறுதான் அது. நாள்பட சர்க்கரை இறங்கினால் பல பூனைகளின் நடை திரும்பிவிடும்.

ஊசி காலையும் மாலையும், பன்னிரண்டு மணி நேர இடைவெளியில். இந்த இடைவெளியை எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தங்கை பனியன் கம்பெனியில் செக்கிங். ஒன்றரை ஷிப்டு போகிறவளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் என்னவென்று உடம்பே சொல்லும். கம்பெனி வண்டி வருவதற்குமுன் அவள் செவலையின் தோளுக்குப் பின்னால் தோலைக் கிள்ளிப் பிடித்து ஊசி போட்டுவிட்டுப் போவாள். திரும்பி வந்ததும் அடுத்தது. பழுது பார்த்துப் பார்த்துப் பழகிய கை, ஒரு நூல் தப்பாது. இதில் ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். நம் மருந்துக்கடைகளில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது. 40 அலகு மருந்துக்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு, 100 அலகுக்கு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு. ஒன்றின் மருந்தை மற்றதில் ஏற்றினால் அளவு இரண்டரை மடங்கு மாறும். ஒரு அலகு, இரண்டு அலகு என்று போடும் பூனைக்கு அது உயிர்ப்பிரச்சினை.

அந்த உயிர்ப்பிரச்சினைக்கு நான் வேறொரு வழியில் போனேன். மருத்துவர் உலர்தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லியிருந்தார், குறைக்கும்போது தன்னைக் கேட்டு ஊசி அளவையும் குறைக்கச் சொல்லியிருந்தார். நான் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படித்து, மாவுச்சத்தே கூடாதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தீவனத்தை அடியோடு நிறுத்தினேன். கோழியும் முட்டையும் மட்டும். ஊசி அதே இரண்டு அலகு. இரவு பதினொரு மணிக்குச் செவலை சுவரில் மோதிக்கொண்டு நடந்தது. பிறகு விழுந்து கால்களை உதைத்தது. காது ஓரத்தில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்தால் 34. மருத்துவர் தொலைபேசியில், வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும், ஈறில் தடவுங்கள் என்றார். அம்மா நாட்டுச்சர்க்கரையை வெந்நீரில் கெட்டியாகக் கரைத்து, விரலில் தொட்டுத் தொட்டு அதன் ஈறில் தேய்த்தாள். ரஸ்க் பிசைந்து கொடுத்த அதே விரல். பதினைந்து நிமிடம் கழித்து அது தலையைத் தூக்கியது.

அந்தச் சர்க்கரை வந்தது அதன் நாக்குக்குத் தெரியவில்லை. ரத்தத்துக்குத் தெரிந்தது. விடியும்வரை நாங்கள் மூவரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். தவறு என்னுடையது. உணவு மருந்தல்ல என்று நினைத்ததுதான் அந்தத் தவறு. தட்டை மாற்றுவதும் ஊசியளவை மாற்றுவதும் ஒன்றேதான், ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும்.

தட்டுக்கு அவ்வளவு பலமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்வேன். 2006இல் 63 பூனைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு மாவுச்சத்து குறைந்த ஈர உணவும் மறு சாராருக்கு நடுத்தர மாவுச்சத்தும் அதிக நாரும் கொண்ட உணவும் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் சாராரில் 68 சதவீதம் இன்சுலின் தேவையில்லாத நிலைக்கு வந்தன, மற்றதில் 41. மூன்று வருடம் கழித்து, ஆஸ்திரேலியாவின் ஜாக்கி ராண்டும் ஜெர்மனியின் கிர்ஸ்டன் ரூம்பும் 55 பூனைகளைப் பற்றி எழுதினார்கள். வீட்டிலேயே ரத்தம் பார்த்து, கிளார்ஜின் என்ற வகை இன்சுலினும் மாவுச்சத்து குறைந்த உணவும் கொடுத்து வந்த பூனைகள் அவை. நோய் தெரிந்து ஆறு மாதத்துக்குள் இந்தக் கண்டிப்பான வழிக்கு வந்தவற்றில் 84 சதவீதம் ஊசியை விட்டன. தாமதமாக வந்தவற்றில் 35 சதவீதம். சுரந்து ஓய்ந்த கணையம் முழுதாகச் செத்துவிடுவதற்குள் அதற்கு ஓய்வு கொடுத்தால் அது எழுந்துகொள்கிறது. மனிதருக்குக் காலம் முழுதும் என்று நாம் எழுதிவைத்துவிட்ட நோய், இந்த ஆய்வுகளின் பூனைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் பின்வாங்கியது. அமெரிக்காவில் 2022இன் இறுதியிலிருந்து பூனைகளுக்கென்றே வாய்வழி மருந்துகளும் வந்துவிட்டன. எல்லாப் பூனைக்கும் அவை ஒத்துவராது. எது வந்தாலும் தட்டின் இடம் போகவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் செவலைக்குப் பொங்குவது இதுதான். தோலும் கொழுப்பும் பாதி நீக்கிய கோழி, கூடவே கோழியின் இதயம். வாரம் இரண்டு நாள் மீன். உப்பு, மஞ்சள், மிளகாய் எதுவும் கிடையாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும், ஆகவே குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிக் கொடுப்பது என்ற பேச்சே இல்லை. வேகவைத்த தண்ணீரை அம்மா கீழே ஊற்ற மாட்டாள். டாரின் என்ற சத்து தண்ணீரில் கரைந்து இறங்கிவிடும். பூனை அதைத் தன் உடம்பில் போதிய அளவு செய்துகொள்ளாது. அது குறைந்தால் பூனையின் இதயத் தசை தளர்ந்துபோகும் என்பதை கலிஃபோர்னியாவில் பால் பயன் (Paul Pion) என்ற ஆய்வாளர் 1987இல் காட்டினார். அதன்பிறகுதான் உலகம் முழுதும் பூனைத் தீவனத்தில் அதைக் கூட்டினார்கள். வெறும் கறி மட்டும் கொடுத்தால் சுண்ணாம்புச்சத்து போதாது, அதற்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த பொடி இருக்கிறது. ஈரல் வாரத்துக்கு ஒரு துண்டுதான், கூடினால் வைட்டமின் ஏ நஞ்சாகும். கறி எடுக்காத சனிக்கிழமைகளில் முட்டை. வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் மீன் வெந்ததில்லை என்ற வழக்கத்தை அம்மா பின்கட்டில் தனி அடுப்பு வைத்துத் தீர்த்துக்கொண்டாள். செலவு கூடத்தான். தெருவில் கொஞ்சம் பேர் கேட்டார்கள், ஒரு பூனைக்கு இவ்வளவா என்று. ஒன்பது வருடம் எங்களோடு இருந்ததை எங்கள் தவறால் நோயாளியாக்கிவிட்டு, செலவைக் காட்டி விட்டுவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

எடையைக்கூட மெல்லத்தான் இறக்கினோம். பருத்த பூனையைப் பட்டினி போட்டால் இரண்டு மூன்று நாளிலேயே கொழுப்பு ஈரலில் போய் அடைத்து, அதுவே அதைக் கொன்றுவிடக்கூடும். லங்கணம் பரம ஔஷதம் என்ற நம் பழமொழி பூனைக்கு ஆகாது. வாரத்துக்கு அதன் எடையில் நூறில் ஒரு பங்குக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொண்டோம். தங்கை பனியன் துணி நிறுக்கும் தராசில் பழகியவள், ஞாயிறுதோறும் நிறுத்து நாட்காட்டியில் எழுதினாள்.

ஐந்தாம் மாதம் ஊசி நின்றது. இப்போது பதினான்கு மாதம் ஆகிறது. எடை ஐந்து கிலோ. குதிகால் தரையில் படுவதில்லை. இது குணமில்லை; பால்சோறு திரும்பி வந்தால் நோயும் திரும்பி வரும் என்று மருத்துவர் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். மாதம் ஒருமுறை காதோரம் ஒரு துளி பார்க்கிறோம். மனிதருக்கான கருவி பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் குறைத்தே காட்டும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்கிறோம்.

போன மாதம் ஒரு சீர் வீட்டில், பந்தியில் பக்கத்து இலைக்காரர் வழக்கம்போல அம்மாவிடம் நாக்கைக் கட்டச் சொன்னார். அம்மா லட்டை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, "எங்க பூனைக்கும் சக்கரைதானுங்க. அதுக்கு இனிப்பே தெரியாது" என்றாள். அவருக்குப் புரிந்திருக்காது. பன்னிரண்டு வருடத்தில் அந்த வசனத்துக்கு அவள் தலைகுனியாமல் இருந்ததை நான் முதல்முறையாகப் பார்த்தேன். அன்றிலிருந்து நானும் அவளிடம் அதைச் சொல்வதில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே காபி, சர்க்கரை இல்லாமல்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பூனை வழக்கத்துக்கு மேல் தண்ணீர் குடித்தால், தின்றும் மெலிந்தால், எறும்புக்குக் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசி தொடங்கிய பூனையின் உணவை அவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். முதல் ஆறு மாதம் மிக முக்கியம்.